பங்காளி வீட்டுச் சாவு

கோரைக்குப்பத்தில் மீன்களுக்கு ஒரு தலைக்கட்டு உண்டு. வெளியூரில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு தலைக்கட்டு என்றால் என்ன என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்துத் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு. ஊருக்கு வரி கொடுக்க வேண்டும், சபையில் உட்கார்ந்து பேசலாம், சபை எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அது கிடையாது. புருஷன் போன பிறகு தனியாகக் கடை நடத்துகிற என்னைப் போன்றவளுக்கும் கிடையாது. மீனுக்கு உண்டு. எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

என் ஜெராக்ஸ் கடை பஞ்சாயத்து மண்டபத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்ட இந்தக் காலத்திலும் காகிதத்தில் நகல் கேட்கும் அலுவலகங்கள் மிச்சமிருப்பதால் பிழைப்பு ஓடுகிறது. மண்டபத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். ஆகையால் நான் ஒட்டுக் கேட்கிறேன் என்று ஊரில் சொல்வது நியாயமில்லை. கட்டியவன் சிமெண்டில் மிச்சம் பிடித்தான். அதற்கு நான் என்ன செய்ய.

அந்த மண்டபத்துச் சுவரில்தான் மீன்களுக்காகப் பேசும் பெட்டி தொங்குகிறது. ஆற்று முகத்துவாரத்தில் தொடங்கிக் கடலுக்குள் வரிசையாக மிதவைகள் விட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் மீன் போடும் சத்தம், அது தண்ணீரில் விட்டுப்போகும் வாடை, கூட்டம் திரும்பும் திசை, எல்லாவற்றையும் மிதவைகள் வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும். எந்த மீன் எங்கே சினையோடு நிற்கிறது, எத்தனை பிடித்தால் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சும் என்று பெட்டி பேசும். அரசாங்கத் தமிழில் பேசும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுகந்தன் என்கிற இளைஞர் வந்து மாட்டிவிட்டுப் போனார்.

ஆரம்பத்தில் அது பேசியதை ஒருவரும் மதிக்கவில்லை. பக்கத்தில் நின்று ஏலம் போடுகிறவன் குரலில் பாதிகூட இல்லை என்றார்கள். சுகந்தன் நொந்துபோய் ஒருநாள் வடமலை நாட்டாரிடம் முறையிட்டார். நாட்டார் எங்கள் ஊர்த் தலைவர். எதற்கும் அவசரப்படாதவர், வெற்றிலையைக்கூடக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மெல்லுவார்.

"சார், எங்க ஊருல ஒரு தலைக்கட்டு எழுந்து சொன்னாத்தான் காதுல ஏறும். சொவத்துல தொங்குறது சொன்னா ஏறாது" என்றார்.

அவர் சும்மா சொன்னார். படித்தவர் அதை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்கு எழுதி, பெட்டியின் பேரில் ஊர் வரி கட்டவும் உத்தரவு வாங்கி வந்துவிட்டார். சபையில் அன்றைக்கு ஒரே கும்மாளம். கல்யாணமாகாத பெட்டிக்கு எப்படித் தலைக்கட்டு கொடுப்பது என்று ஒருவர் சட்டம் பேசினார். கோடிக்கணக்கில் குஞ்சு பொரிக்கிற குடும்பத்துக்குக் கல்யாணச் சாட்சி எதற்கு என்று நாட்டார் முடித்தார். எல்லோரும் கைதூக்கியதற்குக் காரணம் வேறு. தலைக்கட்டு ஆகிவிட்டால் அது சபைக்குக் கட்டுப்பட வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் அதற்கு ஒரே ஒரு குரல். இனி வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். தலைக்கட்டுக்கு என்னென்ன கடமை என்று விரல் விட்டு எண்ணினார்களே தவிர, என்னென்ன உரிமை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து பெட்டிக்குப் பெயர் பங்காளி. ஒரே கடலைப் பங்குபோட்டுக்கொண்டு எதிலும் ஒத்துப்போகாதவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அந்த மார்கழியில் பங்காளி சபையில் முதல் கோரிக்கை வைத்தது. சினை மடவை முகத்துவாரத்தில் கூடுகிறது, அது கடலுக்குள் போய் முட்டையிடும்வரை அந்த இடத்தில் வலை விடாதீர்கள் என்றது. மடவை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆகவே ஊர் ஒத்துக்கொண்டது. பங்காளியே அசந்துபோயிருக்கும், அசரத் தெரிந்திருந்தால்.

மீறியவன் தணிகாசலம். நாட்டாரின் சொந்த அக்கா மகன்.

அவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பா கோதண்டம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்தக் காலத்தில் நாட்டாரும் அவரும் ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர்கள். பிறகுதான் மாமன் மச்சான் ஆனார்கள். கஞ்சி இறங்காத நிலையில் கிழவர் மடவைச் சினைக் குழம்பு கேட்டிருக்கிறார். ஒரு வலைதானே என்று தணிகாசலம் முகத்துவாரத்துக்குப் போனான். சினை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வீசியிருந்தால்கூட யாருக்கும் தெரிந்திருக்காது, மனிதர்களுக்கு. மறுநாள் சபையில் பங்காளி, இன்ன இடத்தில் இன்னாருடைய வலை, இத்தனை மீன் என்று ஒப்பித்தது. குற்றம் என்றுகூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னது.

வேறு யாராவது என்றால் தெண்டம் போட்டு விட்டிருப்பார்கள். நாட்டாரின் அக்கா மகன் என்பதால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரும் நியாயஸ்தர் என்ற பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குடும்பத்தோடு ஊரைவிட்டுத் தள்ளி வைக்கிறோம் என்று தீர்ப்புச் சொன்னார். அவன் படகை யாரும் தள்ளிவிடக்கூடாது, அவன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, பேசக்கூடாது.

பங்காளி அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டது. "தள்ளி வைத்தால் மீன் கூடுமா?"

நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

தள்ளி வைத்தவர்களோடு பேசக்கூடாது என்றால் எங்கள் ஊரில் பேசவே மாட்டோம் என்று அர்த்தமில்லை. ஆட்டைப் பார்த்துப் பேசுவோம், கம்பத்தைப் பார்த்துப் பேசுவோம். தணிகாசலத்தின் மனைவி தையல்நாயகி ஒருநாள் என் கடை வாசலில் நின்று, அங்கே கட்டியிருந்த அடுத்த வீட்டு ஆட்டிடம் பேசினாள். கிழவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றாள். நானும் ஆட்டிடம், சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரித்தேன்.

"சாப்பாடு கெடக்குது. அவுரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு" என்றாள் தையல்நாயகி, ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே. "நான் போற அன்னிக்கு படவு கரையில நிக்குமா தாயீன்னு கேக்குறாரு. நான் என்னான்னு சொல்றது?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாது. கடலில் மீன் கொட்டிக் கிடந்தாலும் போகாது. செத்தவன் எதிரியாக இருந்தாலும் போகாது. படகெல்லாம் கரையில் நிற்க, ஊரே கூடி எடுத்துப்போகும். அப்படிப் போனால்தான் அவன் இந்த ஊர்க்காரனாக வாழ்ந்தான் என்று கணக்கு. தள்ளி வைத்த வீட்டுக்கு அது கிடையாது. வயசு முழுக்கக் கடலில் கிடந்த மனுஷனை நாலு பேர் தூக்கிப் போக, பக்கத்திலேயே படகுகள் இன்ஜினைப் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் புறப்படும். கிழவர் பயந்தது சாவுக்கு இல்லை, அந்த இன்ஜின் சத்தத்துக்கு.

தீர்ப்பை மாற்ற நாட்டாரால் முடியாது. சொந்தக்காரனுக்காக மாற்றினார் என்று ஆகிவிடும்; பிறகு அடுத்த மார்கழியில் முகத்துவாரத்தில் ஊரே வலை விடும். அவருடைய அக்கா, கோதண்டத்தின் மனைவி, தம்பி வீட்டு வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் மண்ணை வாரித் தூற்றவில்லை. அது ஒன்றுதான் பாக்கி. நாட்டார் இளைத்துப்போனார். வெற்றிலையை மென்றபடியே மறந்து உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், ஊரே வலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், அவர் தனியாக மண்டபத்துக்குள் போய் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். சூடாகிவிட்டிருந்தது.

"பங்காளி, ஒங்க சனத்துல சாவு உண்டா?" என்று கேட்டார்.

"தினமும் உண்டு."

"அத ஏன் இதுவரைக்கும் சபையில சொல்லல?"

"எத்தனை பிடிபட்டன என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை."

"அது எண்ணிக்கை. நான் கேக்குறது சாவு." நாட்டார் பெட்டிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, ஒரு தலைக்கட்டு வீட்டில் சாவு என்றால் அன்றைக்கு ஊர் கடலுக்குப் போகாது என்ற வழக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துச் சொன்னார்.

"அந்த உரிமை எனக்கும் உண்டா?"

"வரி கட்டுறியே. உண்டு."

"எப்போது சொல்ல வேண்டும்?"

"நான் வந்து சொல்றன். அன்னிக்கு விடியக்கால சொல்லு."

"செத்தது யார் என்று கேட்டால்?"

"கேக்க மாட்டாங்க" என்றார் நாட்டார். "சாவு வூட்ல போயி எவனும் கணக்கு கேக்க மாட்டான்."

இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நம்பமாட்டீர்கள், தெரியும்.

தை பிறந்த கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை தணிகாசலம் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கரையில் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் தள்ளினார்கள். அந்த நேரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கி பேசியது.

"என் வீட்டில் சாவு. இன்று கடலுக்குப் போக வேண்டாம்."

கரையில் சத்தம் அடங்கிவிட்டது. ஒருவன் சிரிக்கப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். நாட்டார் கரைக்கு வந்து, தலைக்கட்டு வீட்டுச் சாவு, படகை மேலே ஏற்றுங்கள் என்று மட்டும் சொன்னார். பெட்டிக்கு ஏது சாவு என்று கேட்டவனிடம், அதன் வரியை வாங்கித் திருவிழாவுக்குப் பந்தல் போட்டபோது இந்தக் கேள்வி எங்கே போனது என்றார். மேளக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று. அவர்கள் மண்டபத்து வாசலில் பெட்டியைப் பார்த்து நின்று சாவு மேளம் அடித்தார்கள். பெட்டிக்கு மாலையும் போட்டார்கள். மண்டபத்தைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும்.

கோதண்டத்தை நாலு பேர் தூக்கி வந்தார்கள். தணிகாசலம், அவன் மைத்துனன், வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர். ஊர் ஆண்பிள்ளைகள் எல்லோரும் பங்காளி வீட்டுத் துக்கத்துக்காக மண்டபத்து வாசலில் கூடியிருந்தார்கள். பாடை வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். மேளம் நிற்கவில்லை. கரை நெடுக ஒரு படகு பாக்கியில்லாமல் மேலே ஏறியிருந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை ஒருவரும் மீறவில்லை. தள்ளி வைத்த வீட்டுச் சாவுக்கு யாரும் போகவில்லை. அது தானாகவே அவர்களைக் கடந்து போனது. நாட்டார் மட்டும் பாடை திருப்பத்தில் மறையும்வரை தலை நிமிரவில்லை.

பெண்கள்தான் அழவில்லை. மண்டபத்து வாசலில் பெட்டிக்காக எப்படி அழுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தையல்நாயகி தன் வீட்டு வாசலில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். தள்ளி வைத்த வீட்டில் சேர்ந்து அழ இன்னொரு பெண் வரமாட்டாள். ஒப்பாரியை ஒற்றை ஆளாக வைக்க முடியாது. மாசி மகத்தன்று தணிகாசலம் சபையில் விழுந்து எழுந்தான், ஊர் சேர்த்துக்கொண்டது. கிழவருக்கு அழ வேண்டிய அழுகை மட்டும் அப்படியே நின்றுபோனது.

அடுத்த மார்கழி வந்தது. பங்காளி இந்த முறை சபையில் கோரிக்கை வைக்கவில்லை. ஒரு விடியற்காலை ஒலிபெருக்கியில், "என் வீட்டில் சாவு" என்றது.

ஊர் படகை ஏற்றியது. மறுநாளும் சொன்னது. ஏற்றினார்கள். அதற்கு மறுநாளும் சொன்னபோது இளைஞர்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கவியரசு என்று ஒருவன், புதுப் படகு வாங்கியவன், பேச்சில் தூண்டில் முள் வைத்திருப்பவன், சுகந்தனை வரவழைக்கச் சொன்னான். நான் கடையைச் சாத்திவிட்டு மற்ற பெண்களோடு மண்டபத்துக்கு வெளியே நின்றேன். சுவர் வழியாகக் கேட்கிற காரியமில்லை இது.

பெட்டி பொய் சொல்கிறதா என்று கவியரசு கேட்டான்.

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. சாவுன்னு சொன்னா சாவு நடந்திருக்கும்" என்றார் சுகந்தன்.

"கடல்ல தெனமும்தான் மீனு சாவுது சார். அப்ப வருசம் பூரா ஏன் சொல்லல? சினை நிக்கிற நேரம் பாத்து சொல்லுது?"

சுகந்தன் நேர்மையானவர். அதுதான் அவரிடம் தொல்லை. "முன்னாடி அது எண்ணிக்கை சொல்லுச்சு, யாரும் கேக்கல. சாவுன்னு ஒரு தடவ சொன்னதும் எல்லாப் படகும் நின்னுடுச்சு. எதச் சொன்னா நீங்க கேக்குறீங்களோ அத அது கத்துக்கும். ஆனா இந்த வழக்கம் அதுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கே புரியல. நான் சொல்லிக் குடுக்கல. ஊர்ல யாரோதான் சொல்லிக் குடுத்திருக்கணும்."

மண்டபத்தில் தலைகள் திரும்பின. போன தையில் யாருடைய சாவன்று பெட்டி முதல்முறை பேசியது என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது வெளியில் நின்ற எனக்கே தெரிந்தது. சொல்லிக் கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால் வடமலை இனி நாட்டார் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கோதண்டத்துக்காகப் படகுகள் நின்றது திருட்டுத்தனம் என்று ஆகிவிடும். கிழவர் ஊர்க்காரராகப் போகவில்லை, ஊரை ஏமாற்றிப் போனார் என்று பேசுவார்கள். தணிகாசலம் எதுவும் புரியாமல் எல்லோரையும் பார்த்தான். அவன் இதுநாள்வரை அன்றைக்கு நடந்ததைக் கடவுள் செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்னா இருக்கு, அதுகிட்டயே கேட்டுப்புடுவம்" என்று கவியரசு பெட்டிப் பக்கம் திரும்பினான். "பங்காளி, ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

பங்காளியிடம் எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும். அன்றைக்குச் சொல்லவில்லை. யோசிக்கிறதா, மிதவையில் கோளாறா, தெரியாது. நாட்டார் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

என் பக்கத்தில் நின்றிருந்த தையல்நாயகி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "உடு அக்கா" என்றாள். "சாவு வூட்டுக்குப் பொம்பள போவக்கூடாதுன்னு எந்த ஊருல சட்டம்?" என்று சொல்லிக்கொண்டே, பெண்பிள்ளைகள் ஏறாத அந்த மண்டபத்துக்குள் ஏறி, சபை நடுவில் பெட்டிக்கு நேராக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

*கட்டுமரம் ஏறி கடல அளந்த மாமா,*
*கடைசிக் கஞ்சி குடுக்கயில கதவடைச்சி வச்சாங்களே...*

மீனுக்கு யாரும் மாமா என்று அழமாட்டார்கள். அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் என் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கோதண்டத்தின் மனைவி போனாள். கவியரசின் அம்மா போனாள். வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு, வருஷம் முழுக்க நெஞ்சில் வைத்திருந்ததை எல்லாம் எடுத்து வைத்தார்கள். நானும் போனேன். எனக்கும் அழ ஆள் இருந்தது.

ஒப்பாரி நடக்கிற இடத்தில் சபை நடத்த முடியாது. ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கவியரசு கேட்ட கேள்வி அந்தரத்திலேயே நின்றது. அம்மா அழுகிற சத்தத்துக்கு மேல் அதை மறுபடி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. தணிகாசலம் நாட்டாரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு குனிந்து அவர் காலடியில் விழுந்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தான்.

நாட்டார் படியில் நின்று, பங்காளி வீட்டுக் கருமாதி பதினாறாம் நாள், அதுவரைக்கும் முகத்துவாரத்துப் பக்கம் யாரும் போகக்கூடாது, மற்ற இடத்தில் நாளையிலிருந்து தொழில் செய்யலாம் என்றார். சுகந்தன் அதற்குள் மடவை முட்டையிட்டு முடித்துவிடும் என்று வாய்விட்டுச் சொல்லப் போனார். நான் அவர் காலை மிதித்தேன்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நாட்டார் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் கடை திறந்திருந்தேன்.

"அவர்கள் அழுதது எங்களுக்காகவா?" என்று பங்காளி கேட்டது.

"ஒங்களுக்கும் சேத்துன்னு வச்சிக்க."

"பதினாறாம் நாளுக்குப் பிறகு?"

"கடலுக்குப் போவம்."

"அடுத்த மார்கழியில்?"

நாட்டார் வெற்றிலையை எடுத்து மடித்தார். மெல்லாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்த மார்கழிக்கு எங்கள்ல யாராவது போயிருப்பம்" என்றார். "அந்த அழுகைய வச்சி ஒன் வூட்டுச் சாவையும் சேத்துச் சொல்லிக்க."

பங்காளி சரி என்றது.